பிளேட் ஆறும்வரை

எங்கள் வீட்டில் யாரும் எதற்கும் காத்திருந்ததாகச் சரித்திரம் இல்லை. அப்பா பஸ் நிற்பதற்கு முன்பே இறங்குவார். அவருடைய இடது முழங்கால் அதற்குச் சாட்சி. அம்மா ஆவி அடங்குவதற்கு முன்பே குக்கரைத் திறப்பாள். அதற்குச் சமையலறைக் கூரை சாட்சி. நான் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டேன். ஆனால் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்தாலும் அக்காவின் கால்தூசிக்குக் காணாது. ஷூவுக்குள் கால் போகிறபோதே தெருமுனைக்குப் போய்விடுகிறவள் அவள்.

அப்படிப்பட்டவள் எவர்சில்வரை வெல்டிங் செய்யப் புறப்பட்டாள்.

அதற்கு முன்பு ஐந்து வருடம் ஒரு கிரில் பட்டறையில் இருந்தாள். ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, வீட்டு வாசல் கேட். சாதா இரும்பு எருமை மாதிரி. எவ்வளவு சூடு போட்டாலும் கண்டுகொள்ளாது, மறுநாள் யார் வீட்டு வாசலிலோ கேட்டாகப் போய் நிற்கும். அங்கே ஒரு வெல்டிங் தையலுக்கும் அடுத்த தையலுக்கும் நடுவில் மூச்சு விட்டால் முதலாளி கனைப்பார். அக்காவுக்கும் பட்டறைக்கும் நல்ல பொருத்தம்.

பிறகு ஒரு தொட்டித் தொழிற்சாலை வெல்டர்களைக் கூப்பிட்டது. அமிலத்துக்கும் மருந்துக்கும் எவர்சில்வர் தொட்டி செய்கிற இடம். எங்கள் வீட்டிலிருந்து ஓர் இரவுப் பயணம். நிரந்தர வேலை, தங்குவதற்குக் குவார்ட்டர்ஸ். அக்கா விண்ணப்பம் போட்டாள். பதில் வரும்வரை காத்திருக்க முடியாமல் அன்றே பட்டறை வேலையை விட்டாள். சும்மா விடவில்லை. முதலாளியின் கேட்டுகளைப் பற்றி ஐந்து வருடமாக மனதில் வைத்திருந்ததையெல்லாம் ஒரு வாடிக்கையாளர் எதிரில் விளக்கிச் சொன்னாள். அந்த மனிதர் நன்றி சொல்லிவிட்டுக் கேட் வாங்காமல் போனார். ஆக, திரும்பிப் போகிற வழியை அக்கா நன்றாகவே வெல்டிங் செய்து அடைத்துவிட்டாள்.

தொழிற்சாலையில் ஒரு தேர்வு. தடித்த இரண்டு எவர்சில்வர் பிளேட்டுகளை ஒட்ட வேண்டும். ஒரே தையலில் அது ஆகாது. ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து ரன், அதாவது ஐந்து அடுக்குத் தையல், போட வேண்டும். அதன்பின் பிளேட்டைத் துண்டு போடுவார்கள். ஒரு துண்டை வளைப்பார்கள், ஒன்றை இழுத்து அறுப்பார்கள், ஒன்றை அமிலத்தில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். மூன்று வாய்ப்பு. அதற்குமேல் கதவு கிடையாது. அக்கா இரண்டு முறை தோற்றிருந்தாள்.

இரண்டாவது தோல்வியின் மிச்சத் துண்டை அவள் சாப்பாட்டு மேஜையில் போட்டாள்.

"பாருடா. இதுல என்ன குறை? கண்ணாடி மாதிரி இருக்கு."

நான் கல்லூரியில் உலோகவியல் கடைசி வருடம். ஆய்வுக்கூடச் சாவி என்னிடம் இருந்தது. ஒழுங்கான மாணவன் என்பதால் அல்ல, மற்றவர்கள் வாங்க மறுத்ததால். துண்டை எடுத்துப் போய் எமரித் தாளில் தேய்த்து, அமிலம் காட்டி, மைக்ராஸ்கோப்பில் வைத்து அக்காவைப் பார்க்கச் சொன்னேன்.

"என்னடா இது, வெடிச்ச வயல் மாதிரி?"

"உன் வெல்டிங்தான்."

"பொய். மேல தடவிப் பாரு, வழவழன்னு இருக்கும்."

"மேல வழவழ. உள்ள வாய்க்கால்."

"இதுல வச்சுப் பாத்தா எது நல்லா இருக்கும்? உன் மூஞ்சிய வச்சுப் பாரு."

பொறுமையாக விளக்கினேன். எங்கள் வீட்டு அளவுக்குப் பொறுமையாக.

எவர்சில்வருக்குள் உலோகம் சின்னச் சின்ன மணிகளாக அடுக்கியிருக்கும். மணிக்கு மணி ஒரு எல்லைச் சுவர். துருப்பிடிக்காமல் காப்பது குரோமியம். அது எல்லா மணிக்குள்ளும் அடக்க ஒடுக்கமாகப் பரவியிருக்கிறவரை குடும்பத்துக்கு மானக்குறைவு இல்லை. பிளேட்டை வேண்டாத சூட்டில் நெடுநேரம் வைத்தால் குரோமியம் மெல்ல நழுவி எல்லைச் சுவரோரம் போகிறது. அங்கே கார்பன் நிற்கிறது. மேலே சொல்ல வேண்டியதில்லை. இரண்டும் ஜோடி சேர்ந்து சுவரிலேயே குடித்தனம் வைத்துவிடும். சுவரை ஒட்டிய இடம் குரோமியம் இல்லாமல் வறண்டுபோகும். அமிலம் வந்தால் நேராக அந்த வழியில் நுழைந்து வாய்க்கால் வெட்டும். போதாக்குறைக்கு, சூட்டில் பெரிய மணி சின்ன மணியை விழுங்கிப் பெருத்துவிடும். பெருத்த மணிக்கு வலு குறைவு. இழுத்தால் தையல் நிற்கும், தையலை ஒட்டிய இடம் அறுந்துவிடும். எங்கள் பேராசிரியர் இதை இரண்டு மாதம் நடத்தினார். கார்பன் பெயர் வரும்போதெல்லாம் கடைசி பெஞ்சிலிருந்து விசில் வந்தது. அதற்கு நான் பொறுப்பல்ல.

"அப்ப சூடு ஜாஸ்தி. அவ்வளவுதானே? கரண்டைக் குறைச்சா ஆச்சு" என்றாள் அக்கா. பாதி விளக்கத்திலேயே எழுந்து நின்றுவிட்டாள்.

சனிக்கிழமைகளில் கல்லூரி வெல்டிங் கூடத்தில் அனுமதி வாங்கிப் பழகினோம். கரண்டைக் குறைத்தோம், தையல் மேலேயே படிந்தது, அடிவரை இறங்கவில்லை. கூட்டினோம், ஓட்டை விழுந்தது. பழைய இடத்துக்கே வந்தோம். வேகத்தைப் பார்த்தேன். அங்கே குறை சொல்ல இடமே இல்லை. அக்காவின் கை தண்ணீர்ப் பூச்சி மாதிரி நழுவிப் போகும். சூடு ஓரிடத்தில் உட்காருவதற்குள் அவள் அடுத்த இடத்தில் இருப்பாள். காற்றுப் படாமல் காக்கிற ஆர்கான் வாயு தையலைச் சரியாக மூடிக்கொண்டது. தையல் வைக்கோல் நிறத்தில் மின்னியது.

முதல் ரன் மட்டும். அந்தச் சூடு தணிவதற்குள் அதன்மேல் இரண்டாவது. அதன்மேல் உடனே மூன்றாவது. அதற்குள் பிளேட் முழுக்க அடுப்பாகிவிடும். கடைசி ரன் முடியும்போது தையல் நீலமும் சாம்பலுமாக இருக்கும். அக்கா கம்பித் தூரிகையால் தேய்த்துப் பளபளப்பாக்குவாள். அதுதான் அந்தக் கண்ணாடி. காய்ச்சல்காரருக்குப் பவுடர் போட்ட மாதிரி.

"ரன்னுக்கு ரன் ஆற விடணும்கா. குறை அது மட்டும்தான்."

இதற்கென்று சாக்பீஸ் மாதிரி ஒரு கட்டி உண்டு. பிளேட்டில் கோடு போட்டால், சூடு அளவுக்கு மேல் இருந்தால் கோடு உருகும், தணிந்திருந்தால் உருகாது. ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அக்கா கோடு போட்டாள். எண்ணெய் மாதிரி உருகி ஓடியது.

"உருகுது" என்றேன்.

"கொஞ்சமாத்தான் உருகுது" என்று முகமூடியை இறக்கினாள்.

அம்மா வீட்டிலிருந்து போனில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கலையாக்கும்" என்றாள். பின்னணியில் குக்கர் மூடி தரையில் உருளும் சத்தம் கேட்டது.

நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். எண்ணச் சொன்னேன், இரண்டிரண்டாக எண்ணினாள். உட்காரச் சொன்னேன், ஸ்டூல் காலை வெல்டிங் செய்யலாமா என்று பார்த்தாள். வெல்டிங் டார்ச்சைப் பிடுங்கி வைத்தேன். அதைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்பவில்லை.

வழி தற்செயலாகக் கிடைத்தது. ஒரு சனிக்கிழமை வேர்வை துடைக்க என் தோளில் கிடந்த பச்சைத் துண்டை எடுத்தேன். அக்கா இரண்டாவது ரன்னை முடித்து முகமூடியைத் தூக்கினாள்.

"அது என் துண்டு."

"ஒரு துண்டுல என்ன இருக்கு?"

"என்ன இருக்கா? உன் மூஞ்சி இருக்கு, அதான் பிரச்சினை. கேட்டியா? என்னைக் கேட்டு எடுத்தியா?"

துண்டிலிருந்து பேச்சு சைக்கிளுக்குப் போனது. சைக்கிளிலிருந்து, அம்மாவுக்கு யார் செல்லம் என்ற பழைய வழக்குக்கு. அக்கா கையை ஆட்டி ஆட்டி வாதாடினாள். முடித்துவிட்டுக் கோபமாக முகமூடியை இறக்கி மூன்றாவது ரன்னைப் போட்டாள். போட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அன்றைய பிளேட்டை நான் மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது கண்ணை நம்ப முடியவில்லை. வாய்க்கால் இல்லை. மணிகள் சின்னதாக, எல்லைகள் வெறும் படிக்கட்டு மாதிரி தெளிவாக இருந்தன.

உலோகவியலுக்கு என் பங்களிப்பு இதுதான்: குடும்பச் சண்டை ஒன்றின் சராசரி நீளம், தடித்த எவர்சில்வர் பிளேட் ஆறுவதற்குச் சரியாக இருக்கிறது.

அதன்பின் முறையாகச் செய்தேன். ரன்னுக்கு ஒரு சண்டை. அதிலும் நுணுக்கம் உண்டு. சண்டை சீக்கிரம் முடிந்தால் பிளேட் சூடாக இருக்கும். முற்றினால் அக்காவின் கை நடுங்கித் தையல் கோணும். கோபம் முகத்தில் இருக்க வேண்டும், மணிக்கட்டுக்கு இறங்கக்கூடாது. வாரம் முழுக்க விஷயம் சேர்த்துக்கொண்டு போனேன். அவளுடைய சீப்பு. என்னுடைய குறட்டை. சின்ன வயதில் நான் விழுந்ததா, அவள் தள்ளிவிட்டதா. ஒரு கட்டத்தில் சரக்கு தீர்ந்துபோனது. இருபது வருடப் பகை ஒரு மாதத்துக்குக்கூட வரவில்லை. வெட்கத்தை விட்டு, பக்கத்து வீட்டுச் சண்டைகளைக் கடன் வாங்கினேன்.

ஒரு விஷயம் மட்டும் கைவசம் இருந்தது. வேலை கிடைத்தால் அவள் குவார்ட்டர்ஸுக்குப் போய்விடுவாள் என்பது. அதை நான் எடுக்கவில்லை. சண்டைக்கு ஒத்துவராத சரக்கு.

தேர்வு நாளன்று பஸ்ஸில் போகும்போது அக்கா ஜன்னல் கம்பியின் தையல்களைத் தடவிக்கொண்டே வந்தாள். "மட்டம்" என்றாள். "இதுவும் மட்டம்." அவளுடைய முழங்கால் ஆடிய ஆட்டத்தில் முன் சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

தேர்வாளருக்கு ஆட்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. சட்டைப்பையில் ஒன்று வைத்திருப்பார். நான்கு பேரை நான்கு தடுப்புகளுக்குள் நிறுத்திப் பேசினார்.

"நேரக் கணக்கு கிடையாது. சூட்டை நான் பாக்க மாட்டேன், பிளேட்டே சொல்லிடும். போனை வெளியே குடுத்துடுங்க. உள்ள பேச்சுச் சத்தம் கேட்டா பிளேட்டைத் தூக்கி ஓரமா வச்சிருவேன்."

அக்கா வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். பேசாமல் சண்டை போடுவதை நாங்கள் பழகியிருக்கவில்லை.

கூட வந்தவர்கள் நிற்கிற நடைபாதைக்கும் தேர்வு அறைக்கும் நடுவில் கறுப்புக் கண்ணாடி ஜன்னல். அதன் வழியாகப் பார்த்தேன். முதல் ரன் அருமையாகப் போனது. முகமூடியைத் தூக்கினாள். கட்டியால் கோடு போட்டாள். கோடு உருகியது போலும், கட்டியை முறைத்தாள். கை டார்ச்சுக்குப் போனது. வந்தது. மறுபடி போனது.

நான் பையிலிருந்து பச்சைத் துண்டை எடுத்தேன். சும்மா ஒரு தற்காப்புக்குக் கொண்டுவந்திருந்தேன். ஜன்னலருகே போய், அவள் பார்க்கிற மாதிரி, அதில் முகத்தை நன்றாகத் துடைத்தேன். கழுத்தைத் துடைத்தேன். காதுக்குள் விட்டுக் குடைந்தேன்.

அக்காவின் முகம் மூன்றாவது ரன் நிறத்துக்கு வந்தது. டார்ச்சை வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். நின்றாளே! நான் உற்சாகமாக அக்குளுக்கு வந்தபோது பூதக்கண்ணாடி கதவைத் திறந்தார்.

"தம்பி, குளிக்கணும்னா பின்னாடி குழாய் இருக்கு."

ஜன்னலில் திரையை இழுத்துவிட்டார்.

அதன்பின் எனக்குத் தெரிந்ததெல்லாம் வெளிச்சம்தான். வெல்டிங் நடக்கும்போது திரை நீலமாக ஒளிரும், நின்றால் இருளும். நான்கு பேரின் வெளிச்சமும் கலந்து வந்தது. எது அக்கா என்று தெரியவில்லை. நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். தண்ணீர் குடித்தேன். தாகம் இல்லை. பின்னாடி குழாயைக்கூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அம்மா கூப்பிட்டாள். "முடிஞ்சுதா?"

"இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கும்மா."

"சரி" என்று வைத்தாள். உடனே மறுபடி கூப்பிட்டாள். "இப்ப?"

ஒவ்வொருவராக முடித்து வெளியே வந்தார்கள். கடைசியாக வந்த நீலத்தொப்பிக்காரரை மறித்தேன்.

"உள்ள என் அக்கா எப்படி இருக்காங்க?"

"அது உங்க அக்காவா?" என்னை இரக்கத்தோடு பார்த்தார். "பிளேட்டைப் பாத்து உதட்டை மட்டும் அசைச்சுக்கிட்டு இருக்கு. தலையை இப்படி ஒரு வெட்டு வெட்டுது. பூதக்கண்ணாடியே ஒரு தடவை எட்டிப் பாத்துட்டுத் தள்ளி நின்னுட்டாரு."

இனி அறைக்குள் அக்கா மட்டும்தான். திரை நீலமானது. சீராக, வேகமாக, அவளுடைய வேகம். பிறகு இருண்டது. நான்காவது ரன் முடிந்திருக்கும், இன்னும் ஒன்றுதான் என்று கணக்குப் போட்டேன்.

இருட்டு நீடித்தது. பிளேட் ஆறுகிற நேரம் போய்விட்டது. அடுத்து அடுப்பிலிருந்து இறக்கிய பாயசப் பானை ஆறுகிற நேரமும் போனது. விட்டுவிட்டாளோ? பூதக்கண்ணாடியிடம் அவருடைய தொட்டிகளைப் பற்றி உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாளோ? திரையோரம் கண்ணை வைத்துப் பார்த்தேன், தெரியவில்லை. கதவுப் பிடியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தேன். ஆறப் பொறுக்காதவன் நான்தான் என்று அப்போது தெரிந்தது. போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டேன். "இப்ப?" என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

திரை நீலமானது.

அக்கா வெளியே வந்தாள். என் கையிலிருந்த துண்டைப் பிடுங்கினாள். நடைபாதையின் மறு கோடிக்குப் போய் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். உள்ளே ரம்பம் பிளேட்டை அறுக்கிற சத்தம் பல் கூசும்படி வந்துகொண்டிருந்தது. அறுத்து, வளைத்து, இழுத்து, தேய்த்து, அமிலத்தில் வைத்து எடுக்க எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தது எந்த விதத்திலும் உதவவில்லை.

ஒருவழியாகப் பூதக்கண்ணாடி கூப்பிட்டார். மேஜைமேல் அக்காவின் பிளேட் துண்டுகள். ஒன்று லாடம் மாதிரி வளைந்திருந்தது, விரிசல் இல்லை. இன்னொன்று அறுந்திருந்தது; ஆனால் தையலிலிருந்து தள்ளி, ஒரு பக்கத்துப் பிளேட்டின் நடுவில்.

"இழுத்ததுல பிளேட்தான் போச்சு, தையலும் நின்னுது, தையலோரமும் நின்னுது" என்றார். என் பக்கம் திரும்பினார். "குளிக்கிற தம்பி, நீங்க இந்தப் படிப்புன்னு சொன்னாங்களே. வந்து பாருங்க."

மைக்ராஸ்கோப்பில் குனிந்தேன். சின்ன மணிகள். எல்லைகள் படிக்கட்டு. குரோமியம் வீட்டை விட்டு எங்கேயும் ஓடவில்லை.

"திங்கக்கிழமை வந்து சேருங்கம்மா" என்று அக்காவிடம் சொன்னார். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கடைசி ரன்னுக்கு முன்னாடி ஏன் அவ்வளவு நேரம்? நின்னுக்கிட்டே தூங்கிட்டீங்கன்னு நெனச்சேன்."

"ஆறட்டும்னு இருந்தேன் சார்."

"அது எப்பவோ ஆறியாச்சே."

"நல்லா ஆறட்டும்னு."

பஸ் நிறுத்தத்திலும் அவள் முகத்தைத் திருப்பியே நின்றாள்.

"ஜெயிச்சுட்டேல்ல? அப்புறம் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே?"

"நீ பேசின பேச்சுக்கு."

"நான் எங்க பேசினேன்? என்னைத்தான் திரை போட்டு மூடிட்டாங்களே."

"எனக்குள்ள பேசினே." துண்டை இறுக்கி மடித்தாள். "மொத ரன்னுக்குத் துண்டு, அது நேர்லயே பாத்தாச்சு. ரெண்டாவதுக்குச் சைக்கிள். மூணாவதுக்கு அம்மா செல்லம். உன் பக்கத்தையும் நானே பேசிக்கிட்டேன். வழக்கம்போல மட்டமாத்தான் பேசினே."

"கடைசியா?"

பஸ் வருகிற திசையைப் பார்த்தாள். பஸ் வரவில்லை.

"'நீ பாட்டுக்குக் குவார்ட்டர்ஸ் போயிடுவே. நான் யார் துண்டை எடுக்கறது'ன்னு கேட்டே."

"நானா? நான் அப்படியெல்லாம் கேக்கற ஆளா?"

"கேட்டே. குரல்கூட ஒரு மாதிரி இருந்துச்சு."

அவள் மடித்த துண்டின் நுனியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"அதுக்கு நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் தோணல. யோசிச்சுக்கிட்டே நின்னேன். அதுக்குள்ள பிளேட் சில்லுன்னு ஆயிடுச்சு."

போன் அடித்தது. அம்மா. அக்கா எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. முதல் முறையாக அது தானாக அடித்து ஓயும்வரை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு நின்றோம்.

பிறகு துண்டைக் கேட்டேன். தர மாட்டேன் என்றாள். அது நியாயமா என்று கேட்டேன். என் துண்டைப் பற்றிப் பேச நீ யார் என்றாள். திங்கட்கிழமை வரை பேச வேண்டிய விஷயம் அது. பஸ் வந்து, முழுதாக நின்று, கண்டக்டர் இரண்டு தரம் விசில் கொடுக்கிறவரை நாங்கள் அவசரப்படவில்லை.